வெண்பட்டும் வெட்டும் நொதிகளும்

கல்யாணத்துக்கு எடுத்த வெண்பட்டு வேட்டியை, ஒவ்வொரு விசேஷம் முடிந்து வந்ததும் மற்றத் துணிகளோடு சேர்த்தே ஊறவைத்துவிடுவேன். எந்தக் கறையும் போய்விடும் என்று பாக்கெட்டில் போட்டிருந்த சலவைத்தூள். ராத்திரி வாளியில் போட்டுக் காலையில் அலசுவது பழக்கம். மூன்றாவது வருஷம் வேட்டியின் மினுமினுப்பு மங்கிவிட்டது. கையில் எடுத்தால் வழுக்கும் அந்த மென்மை போய், கரையோரத்தில் நூல் சொரசொரவென்று எழும்பி நின்றது. சேலம் அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "எந்தப் பவுடர்ல ஊறப்போட்டீங்க மாப்ள?" என்றார். சொன்னேன். "பட்டு பருத்தி இல்லைங்க. அது புழுவோட எச்சில். பருத்திக்குப் போடறதை அதுக்குப் போடக்கூடாது. பூந்திக்கொட்டைத் தண்ணியில அலசி நிழல்ல காயப்போடுங்க, போதும்."

அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. பருத்தி இழை செல்லுலோஸ். சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலி. பட்டு இழையோ முழுக்கப் புரதம். புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஊறி, வாய்வழியே வெளியே வரும்போது இறுகுகிற நூல் அது. உள்ளே ஃபைப்ராயின் என்ற புரதம் இரண்டு இழைகளாக ஓடும். அதன்மேல் செரிசின் என்ற பசைப் புரதம் பூசியிருக்கும். நான் போட்ட சலவைத்தூளின் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபோது, சின்ன எழுத்தில் என்சைம், அதாவது நொதி சேர்த்தது என்றும், பட்டு, கம்பளித் துணிகளுக்கு வேண்டாம் என்றும் இருந்தது. சலவைத்தூளில் சேர்க்கிற என்சைம்களில் முதன்மையானது புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டும் நொதி. ரத்தம், பால், முட்டை, வியர்வை எல்லாமே புரதக் கறைகள்; வெறும் சோப்புக்கு எளிதில் அசையாது. நொதி அவற்றைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் விட்டுவிடும். கறையிலிருக்கும் புரதமும் வேட்டியிலிருக்கும் புரதமும் அதற்கு ஒன்றுதான். தூளில் இருக்கிற காரமும் என் வேட்டியைக் கெடுத்திருக்கும், எல்லாப் பழியையும் நொதிமேல் போட முடியாது. ஆனால் ராத்திரி முழுக்க ஊறவைத்தால், நொதிக்கு வேலை செய்ய வேண்டிய நேரத்தை நாமே கொடுத்தது போலத்தான்.

சலவைக்கு நொதியைச் சேர்க்கிற யோசனை புதிதல்ல. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் 1913-லேயே விலங்குகளின் கணையச் சாற்றைச் சலவையில் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். கணைய நொதிக்குச் சோடாவின் காரம் ஒத்துவரவில்லை. காரத்திலும் தாக்குப்பிடிக்கும் நொதிகளைப் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களிடமிருந்து எடுக்கத் தொடங்கிய 1960-களில்தான் அந்தத் தூள் உலகம் முழுக்கப் பரவியது.

சரி, வெட்டுவது என்றால் எதை? புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை மணிமாலை போல வரிசையாகக் கோத்தது. மணிக்கும் மணிக்கும் நடுவே இருக்கிற முடிச்சுக்குப் பெப்டைடு பிணைப்பு என்று பெயர். ஒரு தண்ணீர் மூலக்கூறு அந்த முடிச்சில் புகுந்தால் அது அவிழும். ஆனால் தானாக அவிழ வேண்டும் என்றால், சாதாரண வெப்பத்தில் நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும். நம் உடம்பு தண்ணீரால் நிரம்பியும் கரைந்துபோகாமல் இருப்பது இந்த முடிச்சுகளின் பிடிவாதத்தால்தான். அதே முடிச்சைப் புரோட்டியேஸ் ஒரு நொடிக்குள் அவிழ்க்கிறது. அதன் உடலில் ஒரு குழிவு. அந்தக் குழிவில் முடிச்சு பொருந்தி உட்கார்ந்ததும், அங்கே காத்திருக்கும் ஒரு செரின், ஒரு சிஸ்டீன், அல்லது ஒரு துத்தநாக அணு, வெட்டை நடத்திவைக்கும். எது வெட்டை நடத்துகிறது என்பதை வைத்துத்தான் இவற்றைச் சாதி பிரிக்கிறார்கள்.

பொருந்தி உட்கார வேண்டும் என்பது முக்கியம். டிரிப்சின், லைசின் அல்லது ஆர்ஜினின் என்ற மணிக்கு அடுத்த முடிச்சை மட்டும்தான் வெட்டும். மாவுச்சத்தை இவை எதுவும் திரும்பிக்கூடப் பார்க்காது. சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து, பாலைத் தெளியவைத்து எடுக்கிற மாவில் புரதம் சொற்பம். அங்கே புரோட்டியேசுக்கு வேலையே இல்லை, மாவுச்சத்தை உடைப்பது அமிலேஸ் என்ற வேறொரு நொதி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். அங்கே ஏற்காட்டுத் தோட்டங்களில் பழத்தின் தோலை நீக்கியபின் கொட்டைமேல் வழவழவென்று ஒட்டியிருக்கும் பசையைப் புளிக்கவைத்துக் கழுவுகிறார்கள். அந்தப் பசையின் பெரும்பகுதி பெக்டின். அதைக் கரைப்பது பெக்டினேஸ். நொதி என்றாலே எல்லாவற்றையும் கரைக்கும் என்று ஒரு எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரே ஒரு வேலைதான்.

நொதிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, என்னை அதிகமாக வியக்கவைத்தது வெட்டு அல்ல, பூட்டு. நாமே புரதத்தால் ஆனவர்கள். புரதத்தை வெட்டும் கத்தியைப் புரதத்தால் ஆன உயிரணுவுக்குள்ளேயே தயாரித்து, புரதத்தால் ஆன குழாய் வழியே அனுப்பி, சரியான இடத்தில் சரியான நேரத்தில் மட்டும் திறக்க வேண்டும். மனித மரபணுக்களில் 500-க்கு மேற்பட்டவை இப்படிப்பட்ட வெட்டும் நொதிகளுக்கானவை. மொத்த மரபணுக்களில் ஏறக்குறைய 2 சதவீதம். அத்தனை கத்திகளையும் உறைக்குள் வைத்திருப்பதில்தான் உடம்பின் சாமர்த்தியம் இருக்கிறது.

இதற்கு முதல் பாடம் பட்டுப்பூச்சியிடமே கிடைக்கிறது. கூட்டுக்குள் புழு அந்துப்பூச்சியாக மாறியபிறகு வெளியே வந்தாக வேண்டும். அதற்குக் கடிக்கிற பல் கிடையாது. வாயருகே கக்கூனேஸ் என்ற புரோட்டியேஸைச் சுரக்கிறது. காட்டுப் பட்டுப்பூச்சிகளிடம் இதை விரிவாக ஆராய்ந்தவர் ஃபோட்டிஸ் கஃபாட்டோஸ். 1964-ல் வில்லியம்ஸ் என்பவரோடு சேர்ந்து முதல் கட்டுரையை வெளியிட்டார். நொதி முதலில் உறங்கும் வடிவில் உருவாகிறது. பிறகு விழிப்படைந்து, பூச்சியின் வாயுறுப்பின்மேல் காய்ந்த படிவமாகக் காத்திருக்கிறது. வெளியேறும் நேரம் வந்ததும் பூச்சி மிதமான காரத்தன்மை உள்ள ஒரு திரவத்தைக் கக்கி அதைக் கரைக்கிறது. அது கூட்டின் முனையிலிருக்கும் செரிசின் பசையை அரிக்க, இழைகள் தளர்கின்றன. பூச்சி தலையால் முட்டி வழி செய்துகொள்கிறது. தயாரிக்க ஓர் இடம், உறங்க ஒரு வடிவம், திறக்க ஒரு திரவம் என்று மூன்று பூட்டு.

பூச்சி இப்படி வெளியே வந்துவிட்டால் இழைகள் அறுந்தும் குலைந்தும் போகும். ஒரு கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டர் வரைகூடத் தொடர்ந்து உருவக்கூடிய ஒற்றை இழை, அதன்பிறகு தொடர்ச்சியாகக் கிடைக்காது. அதனால்தான் தருமபுரி அங்காடியில் ஏலத்துக்கு வருகிற கூடுகளை, வாங்கியவர்கள் தாமதிக்காமல் நீராவியிலோ வெப்பக்காற்றிலோ வைத்து உள்ளே இருக்கிற உயிரை அடக்கிவிடுகிறார்கள். ஒரு நொதி சுரப்பதற்கு முன்னால் முந்திக்கொள்ளும் ஓட்டம் அது. சேலம் வெண்பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு வாங்கிக்கொடுத்த துணியின் பின்னால் இந்த அவசரமும் இருக்கிறது.

பூச்சி வைத்திருப்பது போன்ற பூட்டுகள்தான் நம் வயிற்றிலும். இரைப்பையில் சுரப்பது பெப்சின் அல்ல, பெப்சினோஜன் என்ற உறங்கும் வடிவம். அமிலத்தைத் தொட்டதும்தான் அது தன்னுடைய மூடியைத் தானே வெட்டி எறிந்துவிட்டுப் பெப்சினாகிறது. பெப்சினை 1836-ல் கண்டு பெயரிட்டவர் தியோடர் ஷ்வான். 1930-ல் ஜான் நார்த்ரப் பெப்சினைப் படிகமாக்கி, நொதி என்பதே ஒரு புரதம்தான் என்று காட்டினார்; அதற்கு 1946-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கணையம் இன்னும் கவனமாக இருக்கிறது. டிரிப்சினோஜன், கைமோடிரிப்சினோஜன் என்று எல்லாவற்றையும் உறக்கத்திலேயே சிறுகுடலுக்கு அனுப்பும். குடல் சுவரில் என்டிரோபெப்டிடேஸ் என்ற ஒரு நொதி மட்டும் காவல் இருக்கும். அது டிரிப்சினோஜனில் ஒரு வெட்டு போட்டு எழுப்பும். எழுந்த டிரிப்சின் மற்ற எல்லாவற்றையும் எழுப்பும். ஒரு சாவி, ஒரு கொத்துக் கதவு.

அந்தச் சாவி தவறான இடத்தில் திரும்பினால் என்ன ஆகும்? கணையத்துக்குள்ளேயே டிரிப்சின் விழித்துக்கொண்டால் கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்ளத் தொடங்கும். கணைய அழற்சி என்கிற அந்த வலியை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாய்கிற வலி. இதைத் தடுக்கக் கணையம் ஸ்பின்க்1 என்ற ஒரு சிறு புரதத்தையும் கூடவே சுரக்கிறது. முன்கூட்டி விழிக்கும் டிரிப்சினின் வெட்டுக்குழியில் போய் அடைத்துக்கொண்டு, அதை அசையவிடாமல் செய்வது அதன் வேலை.

இங்கே நம் ஊர் ஆட்கள் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மது குடிக்காத இளம் வயதினரிடமும் கணையத்தில் கல் விழுந்து, வலியும் பிறகு சர்க்கரை நோயும் வருகிற ஒரு நிலை பல பத்தாண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு அதிகம் தின்பதால், அதிலுள்ள சயனைடு சார்ந்த பொருள்களால் வருகிறது என்று ஒரு காலத்தில் பலமாக நம்பினார்கள். குச்சிக்கிழங்கை வேகவைத்துத் தின்று வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இது பயமுறுத்தும் செய்திதான். ஆனால் கிழங்கே தின்னாத பகுதிகளிலும் அதே நோய் இருந்தது. அந்தக் கருத்து வலுவிழந்தது. 2002-ஐ ஒட்டி வந்த ஆய்வுகளில், இந்திய நோயாளிகளில் கணிசமானவர்களிடம் ஸ்பின்க்1 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பது தெரிந்தது. அந்த மாற்றம் நோயில்லாத சிலரிடமும் உண்டு, அது ஒன்றே போதுமான காரணம் அல்ல. ஆனாலும் விசாரணை கிழங்கைவிட்டுப் பூட்டை நோக்கித் திரும்பிவிட்டது. கிழங்கின் மேலிருந்த பழி இறங்கியதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. கிழங்கை நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடுகிற நம் வீட்டுப் பழக்கத்தை மட்டும் விட வேண்டாம்.

பூட்டு போடுகிற புரதங்கள் சமையலறையிலும் இருக்கின்றன. கொள்ளுப் பயறைப் பெரும்பாலும் ஊறவைத்து வேகவைத்துத்தான் தின்கிறோம். பச்சைக் கொள்ளிலும் சோயாவிலும் டிரிப்சினை அடைத்துவிடுகிற புரதங்கள் உண்டு. விதையைத் தின்னவரும் பூச்சிக்குச் செரிக்காமல் செய்ய அந்தச் செடி வைத்திருக்கும் காப்பு அது. வேகவைத்தால் அந்தக் காப்பின் பெரும்பகுதி சிதைந்துபோகும். முளைகட்டும்போது விதைக்குள்ளிருக்கும் சொந்தப் புரோட்டியேஸ்கள் விழித்து, சேமித்த புரதத்தைக் குருத்துக்காக உடைக்கத் தொடங்குகின்றன. மாடு கன்று ஈன்றதும் கிடைக்கிற சீம்பாலிலும் இப்படி ஒரு தடுப்புப் புரதம் இருக்கிறது. தாயிடமிருந்து கன்றுக்குப் போகிற, நோய்க்கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்புரதங்களைக் (ஆன்டிபாடி) கன்றின் வயிறே செரித்துவிடக் கூடாது அல்லவா? கொஞ்ச நாள் கத்தியை மழுக்கிவைக்கிறது. அதே கன்றின் வயிற்றில் கைமோசின் என்ற இன்னொரு நொதி, பாலின் கேசின் புரதம் ஒன்றில் 105-ஆவது, 106-ஆவது மணிகளுக்கு நடுவே ஒரே ஒரு வெட்டு போடும். அந்த ஒரு வெட்டில் பால் திரிந்து கட்டியாகும். சீஸ் செய்வது முழுக்க இந்த ஒரு வெட்டில் நிற்கிறது. கன்றுக்குட்டியின் வயிற்றுக்குப் பதிலாக நுண்ணுயிர்களில் வளர்த்தெடுத்த கைமோசினுக்கு 1990-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

மேச்சேரி ஆட்டுக்கறி கொஞ்சம் முற்றலாக வந்துவிட்டால் எங்கள் வீட்டில் பப்பாளிக்காயை அரைத்துத் தடவிவைப்பார்கள். காயைக் கீறினால் வடிகிற பாலில் பப்பைன் என்ற புரோட்டியேஸ் இருக்கிறது. அறை வெப்பத்தில் நிதானமாக வேலை செய்யும். 60, 65 டிகிரிக்குச் சூடேறும்போது மும்முரமாக வெட்டும். கொதிக்கும்போது சிதைந்து நின்றுபோகும். அதனால் கறியை மெதுவாகச் சூடேற்றினால் மிருதுவாகும். அரைத்த காயை ராத்திரி முழுக்க ஊறவிட்டால் என் வேட்டிக்கு ஆனதுதான் கறிக்கும் ஆகும், மேல்பக்கம் கூழாகிவிடும். பழுத்த பழத்தில் பால் வற்றிவிடுவதால் அது உதவாது, காய்தான் வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5 போன்ற பப்பாளி ரகங்கள் பழத்துக்கு மட்டுமல்ல, பால் எடுப்பதற்கும் பேர்போனவை. மரத்திலேயே காயைக் கீறி, அதிகாலையில் வடியும் பாலைச் சேகரித்து உலர்த்துகிறார்கள். செடிக்கு இந்தப் பால் எதற்கு? இலையைக் கடிக்கிற புழுவின் குடலை உள்ளிருந்தே அரிப்பதற்கு.

பப்பைன் ஒரு நோபல் பரிசுக்கும் உதவியிருக்கிறது. 1959-ல் ராட்னி போர்ட்டர் என்ற ஆங்கிலேயர், ரத்தத்திலிருக்கும் எதிர்ப்புரதத்தைப் பப்பைனால் வெட்டிப் பார்த்தார். அது தாறுமாறாகச் சிதறவில்லை. நோய்க்கிருமியைப் பிடிக்கும் கைகள் தனியாகவும், உடல் தனியாகவும் பிரிந்து வந்தன. எதிர்ப்புரதத்தின் உருவம் ஒய் என்ற ஆங்கில எழுத்தைப் போன்றது என்று தெரியவந்ததற்கு அந்த வெட்டு ஒரு தொடக்கம். 1972-ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

அந்த ஆராய்ச்சி சேலத்து வயல்வெளிக்கு நேரடியாக உதவுகிற இடம் பாம்புக்கடி. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இது உயிர் போகிற விஷயம்.

கையில் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் உறைவது தொடர் வெட்டுகளால்தான். ரத்தத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் புரோட்டியேஸ்கள் வரிசையாக நிற்கின்றன. முதலாவது விழித்து இரண்டாவதை வெட்டி எழுப்பும், அது அடுத்ததை. அந்த வரிசையில் காரணி 10 என்று எண்ணிட்ட புரோட்டியேஸ் விழித்ததும் புரோத்ராம்பினை வெட்டித் த்ராம்பினாக்கும். த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனின் நுனியைக் கத்தரிக்கும்; நுனி போனதும் அது ஒன்றோடொன்று ஒட்டி வலையாகிக் காயத்தை மூடும். வேலை முடிந்தபிறகு பிளாஸ்மின் என்ற இன்னொரு வெட்டும் நொதி வந்து வலையைக் கலைக்கும்.

கண்ணாடி விரியனின் நஞ்சில் இந்த வரிசைக்கு நடுவே குறுக்குவழியில் புகுகிற புரோட்டியேஸ்கள் இருக்கின்றன. ஒன்று காரணி 10-ஐ நேராக எழுப்பும், இன்னொன்று காரணி 5-ஐ. சுருட்டை விரியனின் நஞ்சிலிருக்கும் எகாரின் இன்னும் ஒரு படி கீழே போய்ப் புரோத்ராம்பினையே எழுப்பிவிடும். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் உறைதல் தூண்டப்பட்டு, ஃபைப்ரினோஜன் வீணாகித் தீர்ந்துபோகும். அப்புறம் ஈறிலும் சிறுநீரிலும் கடிவாயிலும் ரத்தம் கசிந்தால் நிறுத்த ஆள் இல்லை. இதைக் கண்டுபிடிக்க அரசு மருத்துவமனைகளில் செய்கிற சோதனை மிக எளியது: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. ரத்தம் தண்ணீர்போல ஓடினால் உறைய வேண்டிய புரதம் தீர்ந்துவிட்டது என்று பொருள். நஞ்சுமுறி மருந்து கொடுக்கத் தாமதிக்கக் கூடாது.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துக் கொடுக்கிற அந்த மருந்து, நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றிய குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. குதிரையின் எதிர்ப்புரதத்தை அப்படியே ஏற்றுவதில்லை. பெப்சினால் வெட்டி, நஞ்சைப் பிடிக்கிற இரண்டு கைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய அடிப்பகுதியை நீக்குகிறார்கள். வெட்டும் நொதி செய்த கேட்டை நிறுத்தும் மருந்தைத் தயாரிப்பதும் இன்னொரு வெட்டும் நொதிதான். கடித்த இடத்தைக் கட்டுவதும், கீறுவதும், மந்திரிப்பதும் நேரத்தை விழுங்கும் வேலைகள். அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே ஃபைப்ரினோஜன் குறைந்துகொண்டிருக்கிறது.

அதே நஞ்சை மருந்தாகவும் எடுத்திருக்கிறார்கள். 1934-ல் மாக்ஃபார்லேன், பார்னெட் என்ற இருவர், கண்ணாடி விரியன் நஞ்சை நீர்த்து, ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில் வைத்து ரத்தத்தை நிறுத்தலாம் என்று எழுதினார்கள். இன்றைக்கும் சில உறைதல் கோளாறுகளைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையில் அந்த நஞ்சு பயன்படுகிறது. பிரேசிலில் உள்ள ஒரு விரியனின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற ஒரு பெப்டைடைத் தயாரிக்கும் வெட்டை நிறுத்த வழி கிடைத்தது. 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோபிரிலும், பிறகு வந்த எனலாப்ரில், ராமிப்ரில் மாத்திரைகளும் அந்த வழியில் வந்தவை. தினமும் காலையில் ராமிப்ரில் விழுங்குகிறவர்கள் ஒரு கத்தியைத்தான் மழுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மாரடைப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. உறையக் கூடாத இடத்தில், இதயத்தின் ரத்தக் குழாயில், வலை பின்னிவிடுகிறது. அப்போது பிளாஸ்மினை எழுப்ப வேண்டும். 1933-ல் வில்லியம் டில்லெட் கண்டறிந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு பாக்டீரியாவின் புரதம். அது தானே எதையும் வெட்டாது. உறங்கும் பிளாஸ்மினோஜனைக் கட்டிப்பிடித்து விழிக்கவைக்கும். ஆஞ்சியோ வசதி உடனே கிடைக்காத ஊர்களில் இதயத்தைக் காப்பாற்ற இன்றும் இப்படிப்பட்ட ஊசி மருந்துகள்தான் கைகொடுக்கின்றன. நெஞ்சுவலி வந்த முதல் மணி நேரங்களில் போட்டால் பலன் அதிகம். வாயுவாக இருக்கும் என்று வீட்டிலேயே இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருப்பது ஆபத்து.

ஏற்காட்டில் மழை பிடித்தபிறகு தேங்கிய நீரில் தலைப்பிரட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். சில வாரங்களில் வால் காணாமல் போகும். அறுந்து விழுவதில்லை, உடம்பே அதை உள்ளிழுத்துக்கொள்கிறது. 1962-ல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாபியர் என்ற இருவர் தவளைக்குஞ்சின் அந்த வால் திசுவிலிருந்துதான் கொலாஜினேஸை முதன்முதலில் பிரித்துக் காட்டினார்கள். கயிறுபோல முறுக்கிய கொலாஜன் புரதத்தை, மற்ற நொதிகளுக்கு அசையாததை, அது வெட்டும். நம் உடம்பிலும் அதன் உறவினர்கள் உண்டு. பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்குவதிலும், காயம் ஆறும்போது பழைய திசு விலகி வழிவிடுவதிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. புற்றுநோய் அணுக்கள் தங்கள் இடத்தைவிட்டுப் பரவுவதற்கும் இதே கத்தியைத் திருடிக்கொள்கின்றன. நுரையீரலில் வெள்ளணுக்கள் விடுகிற எலாஸ்டேஸை அடக்குகிற ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அதை 1963-ல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் இருவரும் கண்டறிந்தார்கள். அவர்களுக்கு இளம் வயதிலேயே நுரையீரலின் காற்றறைகள் அழியக்கூடும். புகைபிடிப்பவர்களிடம், புகையே அந்தத் தடுப்புப் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது.

வைரஸ்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எச்.ஐ.வி.யும் கொரோனாவும் தங்கள் புரதங்களை நீண்ட ஒரே சங்கிலியாகத் தயாரித்து, பிறகு சொந்தப் புரோட்டியேஸால் வெட்டிப் பிரித்துக்கொள்கின்றன. அந்தக் கத்தியை அடைத்துவிட்டால் வைரஸ் முழுமையாகாது. 1995-ல் வந்த சாக்வினாவிரும், 2021-ல் கொரோனாவுக்கு அவசர அனுமதி பெற்ற நிர்மாட்ரெல்விரும் செய்வது அதைத்தான்.

பட்டுப்புழுவுக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் மருந்துக்கடையிலும் அதன் பெயர் அடிபடுகிறது. பல் பிடுங்கியபிறகோ காலில் அடிபட்டபிறகோ வீக்கம் வடியச் சீட்டில் எழுதுகிற செரேஷியோபெப்டிடேஸ் ஒரு புரோட்டியேஸ். பட்டுப்பூச்சி கூட்டைக் கரைத்து வெளியே வரப் பயன்படுத்தும் நொதி இதுதான் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. பூச்சியின் நொதி கக்கூனேஸ். இது பட்டுப்புழுவின் குடலில் இருந்த செரேஷியா என்ற பாக்டீரியாவிடமிருந்து 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானில் பிரித்தெடுத்தது. புழுவின் வயிற்றில் குடியிருந்த கிருமியின் கத்தியைப் புழுவின் பெயரில் விற்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரதத்தை விழுங்கினால் அதையும் நம் பெப்சினும் டிரிப்சினும் வெட்டும். அது முழுதாக ரத்தத்துக்குப் போய் வீக்கத்தைக் குறைக்கும் என்பதற்குச் சான்று பலவீனமானது. உண்மை மாத்திரையோடு போலி மாத்திரையை ஒப்பிட்டு நடந்த ஆய்வில் வித்தியாசம் தெரியாததால், ஜப்பானின் டாக்கேடா நிறுவனம் 2011-ல் தன் மாத்திரையைத் திரும்பப் பெற்றது. நம் ஊரில் இன்னும் தாராளமாக எழுதுகிறார்கள். எழுதிய மருத்துவரிடம் இது அவசியம்தானா என்று கேட்பதில் தவறில்லை.

பட்டுப்புழுவை அழிக்கிற கிருமியிடமும் ஒரு பாடம் உண்டு. 1901-ல் ஜப்பானில் இஷிவாத்தா என்பவர், புழுக்கள் திடீரென்று செத்து விழுகிற நோய்க்குக் காரணமான ஒரு பாக்டீரியாவைக் கண்டார். இன்று பி.டி. என்று நாம் சொல்வது அதைத்தான். 2002-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் இருப்பது அந்தக் குடும்பத்தின் மரபணு. பாக்டீரியா தயாரிக்கும் படிகப் புரதம் அப்படியே இருந்தால் விஷம் இல்லை. புழுவின் காரத்தன்மை நிறைந்த குடலில் கரைந்து, புழுவின் சொந்தப் புரோட்டியேஸ் அதை வெட்டியதும்தான் விஷமாக விழித்துக் குடல் சுவரைத் துளைக்கும். பி.டி. மருந்தைக் காய்கறிக்குத் தெளிக்கிறவர்கள் பக்கத்துக் காட்டில் மல்பெரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டுப்புழுவின் குடலுக்கும் அது அதே விஷம்தான்.

என் வேட்டியைக் கெடுத்த அதே கத்தி, வேட்டி நெய்கிற இடத்தில் நல்ல வேலைக்காரனாக இருக்க முடியும். கச்சாப் பட்டில் செரிசின் பசை எடையில் 20 முதல் 30 சதவீதம் இருக்கும். அதை நீக்கினால்தான் பட்டுக்கு மினுமினுப்பும் குழைவும் வரும். பழகிய முறை, சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் வேகவைப்பது. அதற்கு விறகோ எரிவாயுவோ நிறையச் செலவாகும். காரம் கூடினால் இழை பலம் இழக்கும். காரத்தில் வேலை செய்யும் புரோட்டியேஸையோ பப்பைனையோ போட்டால் 50, 60 டிகிரி வெப்பமே போதும். செரிசின் தளர்வாக மடிந்த புரதம் என்பதால் கத்திக்கு எளிதில் இடம் கொடுக்கும். ஃபைப்ராயினின் பெரும்பகுதி இறுக்கமாக அடுக்கிய படிகம், கத்தி அதில் சுலபமாக ஏறாது. அதனால் கணக்கான நேரத்துக்குள் பசை போய்விடும், நூல் நிற்கும். நொதியின் விலையும், சூடு மாறாமல் பார்த்துக்கொள்கிற தொட்டியும், நேரம் பார்த்து எடுக்கிற ஆளும் வேண்டும் என்பதால் சின்னப் பட்டறைகளுக்கு இது எளிதல்ல. கழிவுநீரோடு சாக்கடைக்குப் போகிற செரிசினைத் திரும்ப எடுத்தால் அழகுப் பொருள்களுக்கு விற்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்தால், யாராவது ஒரு கூட்டுறவுச் சங்கம் முயன்று பார்க்க வேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

அம்மாப்பேட்டை உறவினரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?" எடையை வைத்துத்தான். ஒரு கிலோ கச்சாப் பட்டு, பசை போய் உலர்ந்தபிறகு ஏறக்குறைய முக்கால் கிலோ நிற்கும். அந்த எடைக்கு வந்ததும் நூலை எடுத்துச் சூடான தண்ணீரில் அலசி, மிச்சமிருக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்துவிட வேண்டும். அதற்குமேல் குறைகிற ஒவ்வொரு கிராமும் பசையிலிருந்து அல்ல, நூலிலிருந்து போகிறது.